பாடுகளில் பழகுதல்

வேதபாடம்: எபிரெயர் 12:1–13, ரோமர் 5:1–5



பாடுகளும் முயற்சியும் ஒரு மனிதனை எவ்விதமாக வளர்க்கின்றன என்பதைக் குறித்து இந்த இதழுக்கு வேதபாடம் எழுதும்படி ஆசிரியர் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். ஞாயிறு ஆராதனையில் இதைக் குறித்துப் பேசுவது எனக்கு ஒருநாளும் கடினமாயிருந்ததில்லை. வார்டிலே பேசுவதுதான் கடினம். மேலே குறித்துள்ள இரண்டு பகுதிகளையும் வேதாகமத்தைத் திறந்து நிதானமாய் ஒருமுறை வாசித்துவிட்டு, பின்பு தொடரும்படி உங்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.

என்னுடைய தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். இறையியல் கல்லூரிப் படிப்பை முடித்து, வேறொரு ஊரில் ஒரு மருத்துவமனையில் போதகராகச் சேர்ந்த இரண்டாம் வருஷம் அது. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த ஒரு வாலிபர் ஆண்கள் வார்டில் படுத்திருந்தார். வயது 26. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. தகப்பனார் இல்லாதவர், தாயார் மாத்திரம் கட்டிலுக்கு அடியில் பாயை விரித்துப் படுத்து, கூடவே இருந்தார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கல்லூரியில் நன்றாக மதிப்பெண் வாங்கிக்கொடுத்த ஒரு பிரசங்கத்தை அப்படியே அவருக்குச் சொன்னேன். பொன் புடமிடப்படுவதைச் சொன்னேன். குயவன் கையிலிருக்கும் களிமண்ணைச் சொன்னேன். கழுகு தன் கூட்டைக் கலைத்துக் குஞ்சுகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுப்பதையும் விட்டுவிடவில்லை. பாடுகள் வழியாகத்தான் தேவன் மனிதனை வளர்க்கிறார் என்று முடித்தேன்.

அவர் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “ஐயா, பாடு வந்தா வளருவோம்னு சொல்றீங்க. நான் மூணு வாரமா இங்கதான் கெடக்குறேன். எனக்கு முதுகுல புண்ணு ஒண்ணுதான் ஐயா வளருது.”

அது பரிகாசமல்ல. உள்ளதைத்தான் சொன்னார். அன்றைக்குப் பகலில் சிஸ்டர் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கட்டுப் பிரித்தபோது நானும் பார்த்தேன். இடுப்பெலும்பின் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண் இருந்தது. நான் அவசரமாக ஒரு ஜெபம் செய்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

அந்த வாலிபர் சொன்னது வேதத்துக்கு விரோதமானதா? பல நாள் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. கடைசியில் எபிரெயர் 12-ம் அதிகாரத்தைக் கிரேக்க மூலத்தோடு வைத்துப் படித்தேன். அங்கே 11-ம் வசனத்தில் நான் அதுவரை கவனியாமல் தாண்டிப்போன ஒரு வார்த்தை இருந்தது. சிட்சை நடக்கும் நேரத்தில் அது மகிழ்ச்சியாய் இராது, துக்கமாய்த்தான் இருக்கும் என்று அந்த நிருபத்தின் ஆக்கியோன் முதலில் ஒப்புக்கொள்ளுகிறார். (எத்தனையோ போதகர்களைவிட அவர் உண்மையுள்ளவர்.) பிற்பாடு அது பலன் கொடுக்கும் என்கிறார். ஆனால் யாருக்கு? துன்பப்பட்டவர்கள் எல்லாருக்கும் என்று அவர் சொல்லவில்லை. நம்முடைய தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் ‘பழகினவர்கள்’ என்கிற சொல்லை வைத்திருக்கிறது. அருமையான மொழிபெயர்ப்பு. மூலத்தில் உள்ள வினைச்சொல் ‘கும்நாட்சோ’ என்பது. உடற்பயிற்சிக்கூடத்துக்கு நாம் சொல்லுகிற ‘ஜிம்னேசியம்’ என்ற பெயர் அதே வேரிலிருந்து வந்ததுதான். விளையாட்டு வீரன் தினந்தோறும் தன் உடலைப் பழக்குகிறானே, அந்தப் பழக்கம். அந்த அதிகாரம் ஓட்டப்பந்தயத்தோடு தொடங்குவதும் இதனால்தான்.

‘சிட்சை’ என்பதைக் குறித்தும் ஒரு வார்த்தை. இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டவுடன் பிரம்பும் அடியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. மூலத்திலுள்ள ‘பைதேயா’ என்கிற சொல்லின் பொருள் அதைவிட விசாலமானது. ஒரு பிள்ளையை வளர்த்துப் பயிற்றி ஆளாக்குவதை முழுவதுமாகக் குறிப்பது. நம்முடைய ‘சிட்சை’யும் வடமொழியின் ‘சிக்ஷா’ என்பதிலிருந்து வந்தது. அதற்குக் கல்வி என்று பொருள். நாம்தான் அதைத் தண்டனையாகச் சுருக்கிவிட்டோம்.

ஆகவே துன்பம் என்பது மழை போல் ஒருவன்மேல் பெய்து அவனைத் தானாக வளர்த்துவிடுவதில்லை. துன்பப்பட்டுக் கசந்துபோனவர்களை நாம் பார்த்திருக்கிறோம். நம்முடைய வீடுகளிலேயே பார்த்திருக்கிறோம். ஒரே விபத்தில், ஒரே வார்டில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்த இருவரில் ஒருவர் கனிந்து போவதும் மற்றவர் கல்லாகிப் போவதும் எனக்குப் புதிதல்ல. அந்த மற்றவருக்கு விசுவாசம் குறைவு என்று தீர்த்துச் சொல்ல இப்போது எனக்குத் துணிவில்லை. அவருக்குப் பழகிக்கொடுக்க யாராவது இருந்தார்களா என்றுதான் முதலில் விசாரிக்கிறேன்.

இதை எனக்கு விளங்கவைத்தவர்கள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஊழியம் செய்த இரண்டு மருத்துவர்கள். அவர்களைப் புஸ்தகங்களின் மூலமாகவே அறிவேன்.

முதலாமவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, நம்முடைய கொல்லிமலையில் வளர்ந்தவர். தகப்பனார் ஜெஸ்ஸி பிராண்ட் 1929-ல் அந்த மலையிலேயே காய்ச்சலால் மரித்தார். தாயார் எவலின் அம்மையார் பிற்காலத்தில் மிஷன் ஊழியத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் மலைகளை விட்டு இறங்க மறுத்து, 95 வயதில் 1974-ல் மரிக்கும் வரை மலைவாழ் மக்களிடையே ஊழியம் செய்தார்கள். அந்த அம்மாவைப் பற்றித் தனியாகவே ஒரு வேதபாடம் எழுதலாம்.

பால் பிராண்ட் 1946-ல் வேலூருக்கு அறுவைச் சிகிச்சை நிபுணராக வந்தார். 1947-ல் செங்கல்பட்டில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் நடத்திவந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கைக்குள் தம் கையைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். இரும்புப் பிடியாக இருந்தது. மருத்துவருக்கு வலி பொறுக்க முடியவில்லை. பிடித்தவருக்கோ தாம் இன்னொருவரை வலிக்கச் செய்கிறோம் என்பதே தெரியவில்லை. அந்தக் கையில் பலம் இன்னும் இருக்கிறது, உணர்வுதான் போய்விட்டது என்று பிராண்ட் அப்போது கண்டுகொண்டார்.

தொழுநோயில் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று அந்நாட்களில் பலரும் நம்பினார்கள். பிராண்டும் அவருடைய கூட்டாளிகளும் வருஷக்கணக்காக நோயாளிகளோடு இருந்து கவனித்ததில் உண்மை வேறாயிருந்தது. கிருமிகள் நரம்புகளைப் பாதிக்கின்றன, வலி போய்விடுகிறது. வலி இல்லாதபடியால் நோயாளி அடுப்பிலுள்ள பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குகிறார். காலில் புண் இருப்பதை அறியாமல் மைல்கணக்கில் நடக்கிறார். இரவில் தூங்கும்போது எலி விரலைக் கடித்தாலும் விழிப்பதில்லை. இவ்வளவு சேதமும் வலி இல்லாததால் வந்தது. 1951-ல் வேலூரில் நவ ஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பைத் தொடங்கி, சுகமானவர்களுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுத்தபோது, தினமும் தங்கள் கைகளையும் பாதங்களையும் சோதித்துப் பார்க்கும் பழக்கத்தையும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வலி தானாகச் சொல்லவேண்டியதைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மடங்கிய விரல்களை நிமிர்த்த அவர் செய்த சிகிச்சையிலும் நமக்கு ஒரு பாடம் உண்டு. நன்றாக வேலை செய்கிற ஒரு தசைநாணை எடுத்து, செயலிழந்த தசைக்குப் பதிலாக விரலில் பொருத்துவார்கள். அறுவைச் சிகிச்சை இரண்டொரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் கட்டுப் பிரித்த அன்றைக்கே விரல் வேலை செய்யாது. இத்தனை வருஷமாக ஒரு வேலையைச் செய்துவந்த தசைக்கு வேறொரு வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். பயிற்சியாளர் எதிரே உட்கார்ந்துகொண்டு, இப்படி மடக்குங்கள், இப்படி நீட்டுங்கள் என்று வாரக்கணக்கில் பழக்குவார். அந்தப் பழக்கத்துக்கு உட்படாத கை, எவ்வளவு கைதேர்ந்த மருத்துவர் அறுத்துத் தைத்திருந்தாலும் விறைத்துத்தான் போகும்.

பிராண்ட் 1966-ல் அமெரிக்காவில் கார்வில் என்ற இடத்திலுள்ள தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே செயற்கையான வலியை உண்டாக்க ஒரு முயற்சி செய்தார். கையுறையில் அழுத்தத்தை உணரும் கருவிகளை வைத்து, ஆபத்தான அழுத்தம் வந்தால் காதிலே சத்தம் கேட்கும்படி செய்தார்கள். நோயாளிகள் அதைச் சட்டை செய்யவில்லை. பிறகு சிறிய மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: கடினமான வேலை ஏதாவது செய்யவேண்டியிருந்தால் முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு, வேலையை முடித்துவிட்டு, மறுபடியும் போட்டுக்கொண்டார்கள்! கடைசியில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். நாம் நினைத்தபோது அணைத்துவிட முடியாதபடி வலியைச் சிருஷ்டிகர் அமைத்திருப்பதில் எத்தனை ஞானம் இருக்கிறது என்பதை பிராண்ட் அப்போது உணர்ந்தார்.

ஒன்றைத் தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது. வலியை ஒரு ஈவு என்று போதித்த அந்த மனிதர், தம் வாழ்நாளெல்லாம் மற்றவர்களுடைய வலியைத் தணிக்கவே பாடுபட்டார். பாடுகள் நல்லவை என்று பிரசங்கிக்கிற நாம் இதை மறந்துவிடுகிறோம்.

இப்போது அந்த வாலிபரிடத்துக்குத் திரும்புவோம். அவருடைய முதுகுப் புண்ணுக்கும் காரணம் இதுதான். நல்ல சுகத்தோடு தூங்குகிற மனிதன் இரவில் எத்தனையோ முறை புரண்டு படுக்கிறான். ஒரே இடத்தில் எலும்பு அழுந்தினால் இரத்த ஓட்டம் குறைந்து உறுத்துகிறது. தூக்கத்திலேயே திரும்பிக்கொள்ளுகிறான், காலையில் அவனுக்கு நினைவுகூட இருப்பதில்லை. உணர்வில்லாதவனுக்கு அந்த உறுத்தல் இல்லை. அவனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். நாளொன்றுக்கு 12 தடவை. சரீரம் இலவசமாய்ச் செய்துகொண்டிருந்த ஒரு காரியத்தை இனிமேல் முயற்சியினால் செய்யவேண்டும்.

அந்த வார்டின் சிஸ்டர் நான் செய்யாததைச் செய்தார்கள். தம்முடைய அலாரம் கடிகாரத்தைக் கொண்டுவந்து தாயாரின் பாயருகே வைத்தார்கள். அந்த அம்மாவுக்கு மணி பார்க்கத் தெரியாது. சிஸ்டர் புண்ணுக்குப் போடுகிற ஊதா மருந்தைப் பஞ்சில் தொட்டு, கடிகாரக் கண்ணாடியின்மேல் இரட்டைப்படை மணிகளுக்கு நேராகப் பொட்டு வைத்தார்கள். “சின்ன முள்ளு பொட்டுக்கு வந்தா பிள்ளையத் திருப்பிடுங்கம்மா” என்றார்கள். விரிப்பில் சுருக்கம் விழுந்திருந்தால் அந்தச் சுருக்கமே புண்ணாக்கிவிடும் என்று, கையை முதுகுக்கு அடியில் விட்டுத் தடவிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். முதல் வாரம் அந்த அம்மாவுக்கு இது கைவரவில்லை. மகனைத் திருப்பும்போது அவர்களுக்கே இடுப்புப் பிடித்துக்கொண்டது. இரவில் அசந்து தூங்கி ஒரு பொட்டைத் தவறவிட்டு அழுதார்கள். இரண்டாம் மாதத்தில் கடிகாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்துவிடுவார்கள். புண் ஆறுவதற்கு எட்டு மாதங்கள் ஆயிற்று. அதற்குள் அந்த வாலிபர் கட்டிலின் தலைமாட்டில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துத் தாமாகவே புரளப் பழகிக்கொண்டார்.

இதைத்தான் எபிரெயர் நிருபம் ‘பழகினவர்கள்’ என்கிறது என்று எனக்குத் தோன்றிற்று. பழகினவர் அவர் ஒருவர் மாத்திரமல்ல. தாயார் பழகினார்கள். சிஸ்டர் பழக்கினார்கள். கொஞ்சம் தாமதமாக, போதகரும் பழகினார். பிரசங்கத்தைக் குறைத்துக்கொண்டு, மாலை 6 மணிப் பொட்டுக்கு அந்தக் கட்டிலருகே போய் ஒரு பக்கம் பிடிக்கக் கற்றுக்கொண்டேன்.

12, 13-ம் வசனங்களை இப்போது மறுபடியும் பாருங்கள். தளர்ந்து தொங்குகிற கைகளையும் பலமிழந்த முழங்கால்களையும் தூக்கி நிறுத்தும்படி ஆக்கியோன் சொல்லுகிறார். ஊனமான அங்கம் மேலும் விலகிப்போகாமல் குணப்படும்படி, நடக்கும் பாதையை நேராக்கச் சொல்லுகிறார். மருத்துவமனையில் இருபது வருஷம் வேலை செய்த எவருக்கும் இது பிசியோதெரபி அறையில் எழுதப்பட்ட வசனம் போலத் தோன்றும். இந்தக் கட்டளைகள் பன்மையில் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். முடமானவனைப் பார்த்து, நீயே எழுந்து உன் பாதையை நேராக்கிக்கொள் என்று அவர் சொல்லவில்லை. சபையாராகிய உங்களைப் பார்த்துச் சொல்லுகிறார். இதற்கு மூலமான ஏசாயா 35:3-லும் பலவீனரைத் திடப்படுத்தும்படி மற்றவர்களுக்கே கட்டளை கொடுக்கப்படுகிறது.

இரண்டாவது மருத்துவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1925-ல் கேரளத்தில் பிறந்து வேலூரில் மருத்துவம் படித்தவர். 1954 ஜனவரியில் தோழர்களோடு பயணம் செய்த வண்டி கவிழ்ந்து முகத்திலும் முதுகுத்தண்டிலும் காயப்பட்டார். அதற்குப் பின் அவர் தம் கால்களால் நடமாடவில்லை. இளம் மருத்துவர், வாழ்க்கை முழுவதும் முன்னே இருந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யலாமே என்ற வழியைக் காட்டி உற்சாகப்படுத்தியவர் பால் பிராண்ட்தான். கைக்கான அறுவைச் சிகிச்சையை மருத்துவர் உட்கார்ந்துகொண்டு செய்யலாம். மேரி வர்கீஸ் செய்யத் தொடங்கினார். மடங்கிய கையோடு வந்தவர்கள், தங்களுக்குச் சிகிச்சை செய்கிறவரே சக்கர நாற்காலியில் வருவதைக் கண்டார்கள். அதற்குமேல் அவர்களுக்கு வேறு பிரசங்கம் தேவைப்பட்டிருக்குமா?

பின்னர் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்திலும், நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்கின் புனர்வாழ்வு நிலையத்திலும் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1966-ல் வேலூரை அடுத்த பாகாயத்தில் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. முதுகெலும்பு முறிந்தவர்களும் கைகால் விழுந்தவர்களும் தங்கிப் பயிலும் இடமாக அதை நடத்தினார். 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அந்த நிலையம் இன்று அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் ஊர்ப்பக்கத்திலிருந்தும் எத்தனையோ பேர் அங்கே போய்ப் பழகி வந்திருக்கிறார்கள்.

அவருடைய வாழ்க்கையை நாம் பிரசங்கங்களில் சொல்லும்போது விபத்தையும் விருதையும் சொல்லி முடித்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். விபத்துக்கும் அந்த நிலையம் திறந்ததற்கும் நடுவே 12 வருஷங்கள் இருக்கின்றன. சட்டை மாற்றுவதற்கும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நகர்வதற்கும் புதிதாய்க் கற்றுக்கொள்ள வேண்டியிருந்த வருஷங்கள். திருப்பிப் படுக்கவைத்தவர்கள், தூக்கி வண்டியில் ஏற்றியவர்கள், செலவைத் தாங்கியவர்கள், வேலை கொடுக்கத் துணிந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்ததில்லை. அவர் ஒரு கிறிஸ்தவ மருத்துவமனையின் நடுவிலே விழுந்தார். அதே வருஷம் அதே காயத்தோடு ஒரு குக்கிராமத்தில் விழுந்த பெண்ணுக்கு என்ன நேர்ந்திருக்கும்? அந்தப் பெண்ணுக்கு மேரி வர்கீஸைவிட மனவுறுதி குறைவென்று நாம் சொல்லிவிட முடியுமா?

ரோமர் 5-ம் அதிகாரத்திலும் இந்த வரிசைதான் இருக்கிறது. மூன்றாம் நான்காம் வசனங்களை மனப்பாடமாகச் சொல்லுகிறவர்கள் அநேகர்: உபத்திரவம், அதிலிருந்து பொறுமை, அதிலிருந்து நம் பழைய மொழிபெயர்ப்பு ‘பரீட்சை’ என்று சொல்லுகிற குணம், அதிலிருந்து நம்பிக்கை. பொறுமைக்குள்ள கிரேக்கச் சொல்லான ‘ஹுப்போமொனே’ பாரத்தின்கீழே ஓடிப்போகாமல் நிற்பதைக் குறிக்கிறது. ‘பரீட்சை’ என்பதற்குள்ள ‘தோக்கிமே’ சோதித்துப் பார்த்து நல்லது என்று தேறின தன்மையைக் குறிப்பது. பள்ளிக்கூடத்துத் தேர்வை அல்ல, தேறியதை. ஆனால் பவுல் உபத்திரவத்திலிருந்து தொடங்கவில்லை. முதல் இரண்டு வசனங்களில் தேவனோடு சமாதானமும், நாம் நிற்கிற கிருபையும் வந்துவிடுகின்றன. ஐந்தாம் வசனத்தில் இருதயத்தில் ஊற்றப்பட்ட அன்பு வருகிறது. முன்னே கிருபையும் பின்னே அன்பும் பிடித்திருக்க, நடுவிலே உபத்திரவம் நிற்கிறது. அந்த இரண்டு பிடிகளையும் எடுத்துவிட்டு நடு வசனங்களை மாத்திரம் ஒருவனிடம் சொல்லுவது அவனைத் தனியே விட்டுவிடுவதாகும்.

நெய்வேலிக்கு வெளியே இருக்கிற நண்பர்களுக்கு எங்கள் ஊர்ச் சுரங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1957 மே 20-ம் தேதி பிரதமர் நேரு இங்கே சுரங்கவேலையைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது 1961 ஆகஸ்டில்தான். நாலு வருஷம் மண்ணையும் கெட்டியான மணற்கல்லையும் மாத்திரமே அள்ளினார்கள். அதைவிடப் பெரிய கஷ்டம் நிலக்கரிக்கு அடியில் இருந்தது. அங்கே மிகுந்த அழுத்தத்தோடு ஊற்றுநீர் நிற்கிறது. மேலேயுள்ள மண்பாரத்தை அகற்றினால் நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே பொங்கிவிடும். ஆகையால் சுற்றிலும் குழாய்க் கிணறுகளைப் போட்டு இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு தலைமுறை ஓய்வு பெற்றுப் போய், அவர்களுடைய பிள்ளைகளும் ஓய்வு பெறும் வயதுக்கு வந்துவிட்டார்கள்; இறைப்பு நிற்கவில்லை. ஒரு நாள் வென்றுவிட்டோம் என்று பம்பை நிறுத்த முடியாது. ஷிப்டுக்குப் போகிற நம் சபைச் சகோதரர்களுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை. படுக்கையில் கிடக்கிறவனுடைய முயற்சியும் இவ்வகையானது. பக்கவாதம் வந்து ஆறு மாதம் கழித்து, “இன்னும் எத்தனை நாள் ஐயா இந்த எக்ஸர்சைஸ்?” என்று கேட்கிறவர்களிடம் நான் இந்தப் பம்பைப் பற்றிச் சொல்லுவதுண்டு. சிலர் சிரிப்பார்கள். சிலர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளுவார்கள்.

ஆனால் இந்த உவமையை ஓரளவுக்கு மேல் கொண்டுபோக எனக்கு மனமில்லை. ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் தானாகப் பொங்கி வழிந்த ஊற்றுக் கிணறுகள் இன்று இல்லை. சுரங்கத்துக்காக நிலத்தையும் வீட்டையும் விட்டுப் பெயர்ந்துபோன குடும்பத்தார் நம்மிடம் சிகிச்சைக்கு வருகிறார்கள். முந்திரித் தோப்பு இருந்த இடத்தைச் சொல்லி ஒரு பாட்டி என்னிடம் அழுதார்கள். இது உங்களைப் பக்குவப்படுத்தும் அம்மா என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சில கஷ்டங்கள் பழகிக்கொள்ள வேண்டியவை. சில கஷ்டங்கள் நீக்கப்படவேண்டியவை. கட்டட வேலையில் உயரத்தில் நிற்கிறவனுக்குப் பாதுகாப்புக் கயிறு கொடுக்காமல் விட்டுவிட்டு, விழுந்தபின் அவனுக்குப் பொறுமையைப் போதிப்பது யோபுவின் சிநேகிதர்கள் செய்ததைவிட மோசமான காரியம். பிறவிக் குருடனைக் கண்டபோது சீஷர்கள் காரணம் கேட்டார்கள்; ஆண்டவர் குற்றம் யாருடையது என்ற விசாரணையைத் தள்ளிவிட்டு, சேறு உண்டாக்கிக் கண்ணில் பூசினார் (யோவான் 9). யாக்கோபு 2:15, 16-ஐயும் இதோடு சேர்த்து வாசியுங்கள். இரத்தப் புற்றுநோயோடு வருகிற சிறு குழந்தைகளின் பாடு எதற்காக என்று என்னைக் கேட்டால், நான் பதில் சொல்லுவதில்லை. தாயின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் ஜெபக்குழுக்களில் இந்தப் பாடத்தைப் படிக்கும்போது ஒரு கேள்வியைப் பேசிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். உங்கள் சபையில் நீண்டநாள் வியாதியாய் இருக்கிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கடந்த மாதத்தில் அவருக்கு எத்தனை பேர் ஆறுதலான வசனம் அனுப்பினார்கள், எத்தனை பேர் அவரைத் திருப்பிப் படுக்கவைத்தார்கள் அல்லது அவரைத் திருப்புகிறவருக்கு இரண்டு மணி நேரம் தூங்க இடங்கொடுத்தார்கள்?

அந்த வாலிபருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சக்கர நாற்காலியோடு ஊருக்குத் திரும்பி, பஸ் நிறுத்தத்தில் பெட்டிக்கடை வைத்தார். பதினோரு வருஷம் நடத்தினார். சிறுநீரகத்தில் தொற்று வந்து மரித்தார். பாடுகள் என்னை வளர்த்தன என்று அவர் ஒருநாளும் என்னிடத்தில் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அவர் மருத்துவமனைக்குப் பரிசோதனைக்கு வந்திருந்த ஒரு நாள், அதேபோல் முதுகெலும்பு முறிந்து ஒரு பையன் புதிதாய்ச் சேர்ந்திருந்தான். அவனுடைய தாயார் அழுதுகொண்டிருந்தார்கள். இவர் நாற்காலியை உருட்டிக்கொண்டு கட்டிலருகே போனார். நான் வாசலில் நின்று, ஏதாவது சாட்சி சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பையனின் முதுகுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு தாயாரைப் பார்த்து, “அம்மா, விரிப்புல சுருக்கம் இருக்கு. இந்தப் பக்கம் கொஞ்சம் இழுங்க” என்றார்.

இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். அந்த மருத்துவமனையின் ஜெபக்கூடத்துக்கு மூன்று படிகள் இருந்தன. ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி உள்ளே வைப்பார்கள். அவர் வெட்கத்தோடு கண்ணை மூடிக்கொள்ளுவார். உள்ளே நான் பாடுகளைக் குறித்துப் பிரசங்கம் செய்வேன். அந்தப் படிகள் எனக்குக் கண்ணில் படவே நான்கு வருஷங்கள் ஆயின. பிறகு கொத்தனாரிடம் கேட்டேன். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் சரிவு விட்டால்தான் நாற்காலியில் இருக்கிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் தம் கையால் உருட்டிக்கொண்டு ஏறமுடியும் என்றார். மூன்று படிகளும் சேர்ந்து ஒன்றரை அடி உயரம். பதினெட்டு அடிக்குச் சரிவுப் பாதை போட்டோம். செங்கல்லும் சிமெண்டும் ஒரு சபையின் பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் கொடுத்த காணிக்கையில் வாங்கினோம். பாதை முடிந்த ஞாயிறு அவர் தனியாகவே ஏறி வந்தார். பாதி வழியில் மூச்சு வாங்கிச் சற்று நின்றார். உதவிக்குப் போன ஒருவரைச் சிஸ்டர் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.